வடிவு மெஸ்ஸில் சோறு நெறைஞ்சிருக்கு

மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் காலேஜு வந்த பிறகு, அதன் வாசலில் நின்றுகொண்டு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். சொல்வதோடு விடவும் மாட்டார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விடுவார்கள். காப்பிக்கும் தோசைக்கும் நல்லசாமி கிளப். சட்னி தண்ணியாக ஓடும், அது கிடக்கட்டும், காப்பி காப்பியாக இருக்கும். பெல் அடிக்கிற அவசரம் என்றால் செல்லப்பாண்டி டீக்கடையில் ஒரு பன். போண்டாவை மட்டும் சாயங்காலத்தில் தொடக் கூடாது, அது காலையில் போட்டது. ஆனால் மத்தியானம் வயிறாரச் சோறு வேண்டும் என்றால் பேச்சுக்கே இடமில்லை, வடிவு மெஸ்தான். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஓடி வருகிறவர்கள், மேல்மலையிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பூண்டு விவசாயி வீட்டுப் பிள்ளைகள், பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டு வாய் செத்துப்போன வாத்தியார்கள், எல்லாருக்கும் அங்கேதான் இலை.

ஊரே இப்படி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கடைக்கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, எந்தக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஆள் ஒருத்தி இருந்தாள். அது வடிவேதான். அவள் எந்தக் கடையிலும் சாப்பிட்டது கிடையாது. கடையை விடுங்கள். கல்யாணமாகிப் பழனிக்கு வந்த நாளிலிருந்து, வேறொருத்தர் இலை போட்டு, வேறொருத்தர் பரிமாறி, தான் உட்கார்ந்து சாப்பிட்டது என்பதே கிடையாது. விசேஷ வீட்டுக்குப் போனாலாவது உண்டா? அதுவும் இல்லை. “அப்பாடா, வடிவு வந்தாச்சு” என்று வாசலிலேயே மறித்து அடுப்படிக்குள் தள்ளிவிடுவார்கள். பந்தி முடிகிற நேரத்துக்கு அவளுக்குப் பாயசம் வாசனையோடு சரி.

அவளுக்குப் பிறந்த ஊர் பாலசமுத்திரம். வயலும் வாய்க்காலுமாக இருந்த வீட்டிலிருந்து குமாரவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். குமாரவேல் வீடு அடிவாரத்தில், காவடி எடுத்து வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிற வீடு. மாமியார் சுந்தராம்பாள் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது, மருமகளைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அடுப்படிக்கு என்று அவள் வைத்திருந்த சட்டங்கள் இருந்தனவே, அவற்றுக்கு முன்னால் கலெக்டர் உத்தரவு பிச்சை வாங்க வேண்டும்.

வடிவு வந்த புதிதில் ஒரு தைப்பூசம். கூட்டம் தாங்கவில்லை. வெளியே இருந்து யாரோ சோறு கேட்கிறார்கள், வடிவு பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “சோறு இல்லைங்கத்தை” என்று குரல் கொடுத்தாள். சுந்தராம்பாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“அடி பாவி மகளே! இந்த அடுப்படியில ‘இல்ல’ங்கிற வார்த்தையே வரக் கூடாது. மலை மேல ஒருத்தன் நின்னுக்கிட்டிருக்கான். அவன் காதுல விழுந்துச்சுன்னா, சரின்னு அப்படியே ஆக்கிப்புடுவான். தீந்துபோச்சுன்னா ‘நெறைஞ்சிருக்கு’ன்னு சொல்லு. ஊர்ல எல்லாருக்கும் வெளங்கும்.”

எல்லாருக்கும் விளங்கத்தான் செய்தது. சோறு நெறைஞ்சிருக்கு என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், வாசலில் நிற்கிற உள்ளூர்க்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பான். இன்னொரு சட்டமும் உண்டு, அது அடிவாரத்துக்கே பொது. போட்ட இலையைச் சோறு வைக்காமல் எடுக்கக் கூடாது. தலை போனாலும் கூடாது. ஆள் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துவிட்டான் என்றால் அவன் விருந்தாளி, அவ்வளவுதான்.

சுந்தராம்பாள் போய்ச் சேர்ந்தாள், சட்டம் போகவில்லை. சோறு நெறைஞ்சிருக்கு என்று சொன்ன பிறகு மிச்சமிருப்பது எதுவோ அது வடிவின் சாப்பாடு. பானை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற காந்தலைச் சுரண்டி, மோரை ஊற்றி, மூடித் தட்டில் வைத்து நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். தட்டை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதில் எறும்பு இருக்கும்.

காலேஜு தொடங்கிய சமயம் குமாரவேலுக்கு ஒரு யோசனை. காவடிக் கூட்டம் வருஷத்தில் சில நாள்தான், படிக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் பசிக்குமே என்றான். காலேஜுக்கு எதிரே ஓட்டுக்கட்டிடம் ஒன்று பிடித்து, பெஞ்சு போட்டு, அவனே ஒரு தகரத்தில் ‘வடிவு மெஸ்’ என்று பெயின்ட்டில் எழுதி மாட்டினான். பெண்டாட்டி பெயரை வைத்ததில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. பெயர் அவளுடையது, முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “என்ன தம்பி, கணக்குப் பரிச்சை எப்படி?” என்று ஊர் நியாயம் பேசுகிற சோலி அவனுடையது. நல்ல மனுஷன். குடி கிடையாது, சூது கிடையாது, யாரையும் வைய மாட்டான். அவள் களைத்துப்போயிருக்கிறாள் என்பதைப் பார்க்கிற கண் மட்டும் அவனுக்குப் படைத்தவன் வைக்கவில்லை.

வெள்ளனே எழுந்து அடுப்பு மூட்டினால் வடிவுக்கு விளக்கணைக்கிற வரை இடுப்பு நிமிராது. மலையிலிருந்து வருகிற விறகு மழைக்காலத்தில் ஈரமாக வரும். ஊதி ஊதிக் கண் இரண்டும் கோவைப்பழம். முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. கை விரலில் பூண்டு வாசனை ஏறி உட்கார்ந்துகொண்டு, சோப்புப் போட்டாலும் போகாமல், தூங்கும்போதுகூட முகத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் அவளுக்கு வேலை சலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சாம்பார் கொதிக்கிற வாசனையிலேயே உப்பு சொல்லிவிடுவாள். சலித்தது வேறு. எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தனக்கென்று வரும்போது மட்டும் எல்லாம் நெறைஞ்சிருக்கிறதே, அது சலித்துப்போயிற்று.

அறுபத்தெட்டாம் வருஷம் மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்தாள், மூன்றாம் நாள் முகம் வெளிறி எழுந்து உட்கார்ந்தாள். குமாரவேல் செல்லப்பாண்டி கடை பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

“ஏங்க, ஒண்ணு கேக்கவா?” என்றாள்.

“கேளு புள்ள.”

“ஒரே ஒரு வேளைங்க. எனக்கு ஒருத்தர் எலை போடணும். சோறு, சாம்பாரு, ரசம், மோருன்னு வரிசையா வந்து கேட்டுக் கேட்டுப் போடணும். நான் நடுவுல எந்திரிக்கக் கூடாது. கடைசியில எலையை மடிச்சுப்புட்டு எந்திரிக்கணும். அவ்வளவுதான்.”

குமாரவேல் கடகடவென்று சிரித்தான். “ஊருக்கே சோறு போடுற மகராசி நீ. உனக்கு யாரு புள்ள போடுறது?”

புகழ்ந்துதான் சொன்னான், பாவம். வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். காய்ச்சல் அழுகை என்று அவன் முதலில் நினைத்தான். நிற்காமல் போகவே பயந்துவிட்டான். “சரி, சரி, அழுவாத. நல்லசாமி கிளப்புல இப்ப மத்தியானச் சாப்பாடும் போடுறாராம். பரிச்சை முடியிற வெள்ளிக்கிழமை நம்ம கடையில கூட்டம் இருக்காது. வெரசா முடிச்சுப்புட்டு ரெண்டு பேரும் போயி உக்காந்து சாப்பிடுவோம். முருகன் மேல ஆணை, போதுமா?”

போதும் என்றாள். அந்த வெள்ளிக்கிழமைக்காக அவள் காத்திருந்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சின்னாளப்பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்டாள். நல்லசாமி கிளப்பில் என்ன கூட்டு வைப்பார்கள், அப்பளம் உண்டா என்று சாப்பிட வருகிற பையன்களிடமே துப்புக் கேட்டாள். “என்னக்கா, போட்டிக் கடையை வேவு பாக்குறீங்களா?” என்று அவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, “ஆமாப்பா, கொள்ளையடிக்கப் போறேன்” என்றாள்.

அந்த வாரம்தான் பரிமாறுவதற்குப் புதிதாகக் குழந்தைவேல் வந்து சேர்ந்தான். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவன். முப்பது வயதிருக்கும். ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே செய்வான். இப்படி ஓர் ஆளா என்று வடிவே மனசு குளிர்ந்துபோனாள். சொன்னதை அப்படியே செய்கிற ஆளால் என்ன வரும் என்று அவள் அப்போது யோசித்திருக்க நியாயமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விரத நாள், வடிவு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவிடவில்லை. கொஞ்சமாகத்தான் உலை வைத்தாள். கடைசிப் பரீட்சை எழுதிய பையன்கள் வந்து சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் பிடிக்க ஓடினார்கள். குமாரவேல், “நான் போயி முகத்தை வழிச்சுக்கிட்டு வெரசா வந்துர்றேன், நீ சேலையை மாத்திக்க” என்று கிளம்பிப் போனான். வாசலில் குழந்தைவேல் மட்டும் நின்றான். பானையில் இரண்டு கரண்டி சோறு. அதையும் காக்காய்க்கு வைத்துவிட்டால் தீர்ந்தது. வடிவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஏப்பா குழந்தைவேலு, சோறு நெறைஞ்சிருக்கு!”

“சரிக்கா!” என்றான் அவன், உற்சாகமாக.

வெளியூர்க் காலேஜு ஒன்றிலிருந்து பந்து விளையாட வந்திருந்த கூட்டம் அப்போதுதான் மைதானத்தை விட்டு வெளியே வந்தது. எங்கே சாப்பிடலாம் என்று திகைத்துக்கொண்டு ரோட்டில் நின்றது. குழந்தைவேல் என்ன செய்தான்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கே போனான். “வாங்க தம்பி, வாங்க! எல்லாரும் வாங்க! உள்ளுக்குச் சோறு நெறைய இருக்குன்னு அக்கா சொல்றாங்க!”

வடிவு சேலையை எடுக்கக் கை நீட்டும்போது பெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு இலை விரிக்கிற சரசரப்பு. எட்டிப் பார்த்தாள். பெஞ்சு பூராவும் பையன்கள். வியர்வையும் புழுதியுமாக, இடித்துக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

“ஏலே, என்ன காரியம்லே பண்ணினே?” என்று அவனை உள்ளே இழுத்தாள். “நெறைஞ்சிருக்குன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்கக்கா. அதான் கூப்பிட்டேன்.”

“அய்யோ, தீந்துபோச்சுன்னு அர்த்தம்டா!”

அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. “எனக்கு வெளங்கலையேக்கா. தோட்டத்து லயத்து வீட்டுல அரிசி இல்லாட்டி இல்லைன்னுதான் சொல்லுவோம். ஏசுங்கக்கா, நல்லா ஏசுங்க.”

என்னவென்று ஏசுவது? போட்ட இலை போட்டதுதான். வடிவு சேலையைத் திரும்பப் பெட்டிமேல் வைத்தாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள். அரிசியை அளந்து போடும்போது அவளுக்குப் படிக்கணக்கு இரண்டு தடவை தப்பிற்று. பசியா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே பையன்கள் தாளம் போட்டார்கள். வெந்தது, வடித்தாள், அவன் வாரிக்கொண்டு ஓடினான். இன்னும் சோறு, இன்னும் ரசம், அக்கா அப்பளம், அக்கா மோர். விளையாடி வந்த வயிறு, கேட்கவா வேண்டும்? இரண்டாம் உலையும் வழித்தெடுத்தபடி தீர்ந்தது. இந்தத் தடவை காந்தல்கூட மிஞ்சவில்லை.

நடுவில் குமாரவேல் மழுங்கச் சிரைத்த முகத்தோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா முருகனாப் பாத்து அனுப்புன கூட்டம் புள்ள!” என்று சொல்லிவிட்டு முன்னால் உட்கார்ந்து, எந்த ஊரு, எந்த டீமு என்று பேச ஆரம்பித்துவிட்டான். எல்லாரும் போன பிறகு, ஒரு கொட்டாவி விட்டான்.

“இனி எங்க போயி... நல்லசாமி கிளப்பு எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வெள்ளிக்கிழமை பாத்துக்குவோம்” என்று பெஞ்சில் காலை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

வடிவு கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். குழந்தைவேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“உன்மேல தப்பில்லப்பா” என்றாள். “வார்த்தையை வார்த்தையாவே எடுத்துக்கிட்ட. இந்த ஊர்ல அப்படி யாரும் எடுத்துக்கிட்டதே கெடையாது.” சொல்லிவிட்டு அவளே அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். சின்னாளப்பட்டைக் கட்டிக்கொண்டு, தூங்குகிற புருஷனைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள்.

மலைமேல் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், வடிவு தனியாக, அதுவும் பட்டுக் கட்டிக்கொண்டு நல்லசாமி கிளப்புக்குள் நுழைவதைப் பார்த்துக் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். பெண்கள் உட்காருவதற்கென்று கிளப்பில் ஓரமாக ஒரு தட்டி மறைப்பு இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

“வா தங்கச்சி” என்றார் நல்லசாமி. “என்ன, தீப்பெட்டி கீப்பெட்டி வேணுமா?”

“சாப்பிட வந்தேண்ணே. சோறு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவரும் பழனிக்காரர்தானே. மலையை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“சோறு நெறைஞ்சிருக்கு தாயி.”

வடிவின் கால் தானாகவே வாசலுக்குத் திரும்பியது. இத்தனை வருஷப் பழக்கம், சும்மாவா? அந்த வார்த்தை காதில் விழுவதற்குள் உடம்புக்கு விளங்கிவிடும். ஒரு எட்டு வைத்தும் விட்டாள். அப்புறம் நின்றாள். திரும்பி வந்து, எல்லாரும் பார்க்கிற முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நெறைஞ்சிருக்கா? ரொம்பச் சந்தோஷம்ணே. அப்ப எலையைப் போடுங்க.”

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். நல்லசாமி கிட்டே வந்து குனிந்து, “தங்கச்சி, நான் சொன்னது வெளங்கலையா? நம்ம ஊருப் பேச்சுத்தானே அது” என்றார்.

“வெளங்கலைண்ணே” என்றாள் வடிவு. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, அதைத் துடைக்கவும் இல்லை. “இருபத்தஞ்சு வருஷமா வெளங்கிக்கிட்டேதாண்ணே இருந்துச்சு. இன்னைக்கு வெளங்கலை. எலையைப் போடுங்க.”

நல்லசாமி நிமிர்ந்தார். ஓர் இலையை எடுத்து, தானே துடைத்து, அவள் முன்னால் போட்டார். அவள் தண்ணீர் தெளித்தாள். அவ்வளவுதான், இனி அவருக்கு வேறு வழி கிடையாது. உள்ளே போய், “அடுப்பைப் பத்தவைங்கடா” என்று கத்தினார்.

அரிசி களைகிற சத்தம் வடிவுக்குக் கேட்டது. ஒரே தண்ணிதான் களைந்தார்கள். உலைக்குத் தண்ணீர் பத்தாது என்று ஊற்றுகிற சத்தத்திலேயே தெரிந்தது. எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்று உடம்பு பரபரத்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சோறு அரைவேக்காடாக வந்தது. சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைவு. பீன்ஸ் பொரியல் காலையில் செய்தது, சுட வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு கவளத்தையும் நிதானமாகச் சாப்பிட்டாள். நல்லசாமி வாளியோடு பக்கத்திலேயே நின்று, “போதுமா தங்கச்சி?” என்று கேட்டார்.

“இன்னுங் கொஞ்சம் போடுங்கண்ணே.”

அந்த நேரத்தில் குமாரவேல் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். தூக்கம் கலையாத கண். “ஏ வடிவு! இங்கயா இருக்கே? ஹாஸ்டல்ல தங்குன பையங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவாங்க. அடுப்புப் பத்தவைக்கணும், எந்திரி, எந்திரி.”

வடிவு நிமிர்ந்து பார்க்கவில்லை. சாம்பார்ச் சோற்றின் கடைசிக் கவளத்தை வழித்து வாயில் போட்டு மென்று முழுங்கினாள்.

“வந்தா, வடிவு மெஸ்ஸுல எல்லாம் நெறைஞ்சிருக்குன்னு சொல்லிருங்க” என்றாள். “நான் இன்னும் ரசத்துக்கே வரலை.”

நல்லசாமி ரசம் எடுத்துவர உள்ளே போனார். அவள் இலையில் சோற்றைக் குழித்துவிட்டு, காத்துக்கொண்டிருந்தாள்.